வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

ஒரு படம் பார்த்துவிட்டு அரங்கை விட்டு வெளியே வரும்போது, "கதை சுமார்தான், ஆனால் கேமரா சூப்பர்!" என்று நம்மில் எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்? நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொல்லும்போது நாம் பெரும்பாலும் எதைப் பாராட்டுகிறோம்? பனிமலையை, பச்சை வயலை, வானிலிருந்து எடுத்த கடற்கரையை. அந்த அழகெல்லாம் கேமரா வருவதற்கு முன்பே அங்கு இருந்தவை. ஒளிப்பதிவாளரின் உண்மையான வேலை எது என்பதை ஒரு சிறு தோல்விக்குப் பிறகுதான் நான் புரிந்துகொண்டேன். அதை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்ற விடுமுறையில் நண்பர்கள் ஐவர் சேர்ந்து பத்து நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்தோம். கேமரா என் பொறுப்பு. லிட்டில் இந்தியாவில், கெர்பாவ் சாலைப் பக்கம் ஒரு கடைவீட்டின் ஐந்தடி நடைபாதையில், கதாநாயகியாக நடித்த தோழியை வெள்ளைச் சுவர் ஓரமாக நிற்க வைத்தேன். அவள் நல்ல கறுப்பு. மனத்தில் நினைப்பது அப்படியே முகத்தில் தெரிந்துவிடும். அதற்காகத்தான் அவளைத் தேர்ந்தெடுத்தோம். அன்றிரவு மடிக்கணினியில் போட்டுப் பார்த்தால், சுவரில் இருந்த விரிசல்கூடத் தெரிந்தது. அவள் முகத்தில் கண்ணும் பல்லும் மட்டுமே தெரிந்தன.

"கொஞ்சம் பவுடர் போட்டால் சரியாகிவிடும்," என்றார் ஒரு நண்பர். அவளும் சிரித்தாள். மறுநாள் பவுடர் பூசிக்கொண்டு வந்து நின்றாள். கேமரா வழியாக அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. தவறு செய்தவன் நான்; அதைத் திருத்த வந்தவளோ அவள்! படப்பிடிப்பை இரண்டு நாள் தள்ளி வைத்துவிட்டு, என்ன தவறு செய்தேன் என்று தேடத் தொடங்கினேன்.

கேமரா எப்படி அளக்கிறது?

கேமராவுக்கு முகம் எது, சுவர் எது என்ற அக்கறை கிடையாது. அதனுள் இருக்கும் ஒளிமானி ஓர் அனுமானத்தை வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறது. எதிரே உள்ள காட்சி, தன் மேல் விழும் ஒளியில் சராசரியாக 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்பதே அந்த அனுமானம். வெள்ளைச் சுவர் சட்டகத்தை நிரப்பினால், 'வெளிச்சம் அதிகம்' என்று முடிவுகட்டி கேமரா ஒளியைக் குறைத்துவிடும். சுவர் சாம்பலாகும், கறுத்த முகம் இருட்டில் மூழ்கும். அதே முகத்தை மிக நெருக்கத்தில் எடுத்தால், 'வெளிச்சம் போதவில்லை' என்று கூட்டிவிடும். அப்போது முகம் சாம்பல் பூத்ததுபோல் வெளிறிப்போகும். இரண்டுமே அவள் நிறம் இல்லை. இன்றைய கேமராக்கள் சில முகங்களைக் கண்டுபிடித்து அளக்கின்றன என்றாலும், எந்த முகம் எவ்வளவு கறுப்பாக இருக்க வேண்டும் என்பது அவற்றுக்குத் தெரியாது. அதை மனிதர்தான் சொல்ல வேண்டும்.

இதற்கு ஒரு வரலாறும் உண்டு. வண்ணப்படச் சுருள் காலத்தில், நிறங்கள் சரியாக வருகின்றனவா என்று பார்க்க, கோடாக் நிறுவனம் அச்சிடும் கூடங்களுக்கு ஒரு மாதிரிப் படத்தை அனுப்பி வந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பார். முதன்முதலில் அதில் இருந்தவரின் பெயரால் அதை 'ஷெர்லி அட்டை' என்றே அழைத்தார்கள். அவர் தோல் நன்றாக வந்தால் படம் சரி! கறுத்த தோலின் நுணுக்கங்கள் அந்தச் சுருள்களில் சரியாகப் பதியவில்லை. சாக்லேட் விளம்பரம் செய்தவர்களும் மரச்சாமான் விற்றவர்களும் தங்கள் பொருளின் பழுப்பு நிறங்கள் சரியாகத் தெரியவில்லை என்று குறை சொன்ன பிறகுதான் நிறுவனம் அதில் கவனம் செலுத்தியது. பல இனத்தவர் இடம்பெற்ற அட்டை வருவதற்கு 1990கள் ஆயின.

இதைப் படித்தபோது என் பள்ளிப் படங்கள் நினைவுக்கு வந்தன. ஜோகூரில் தமிழ்ப்பள்ளியில் எடுத்த வகுப்புப் படத்தில் எல்லார் முகமும் தெரியும். இடைநிலைக்குத் தேசியப் பள்ளிக்குப் போன பின் எடுத்த படத்தில், பின்வரிசையில் நிற்கும் நாங்கள் மூவர் மட்டும் இருண்டிருப்போம். அப்போது அதை என் நிறத்தின் குறையாகவே எடுத்துக்கொண்டேன். பெரும்பான்மை முகங்களுக்கு ஏற்ப ஒளி அளக்கப்பட்டிருக்கும் என்று இன்று புரிகிறது.

முன்னோர் செய்து காட்டியது

அப்படியானால் கறுத்த முகத்துக்கு எப்படி ஒளி அமைப்பது? நேர் எதிரே ஒரு பெரிய விளக்கை வைத்தால் முகம் தட்டையாகிவிடும். கறுத்த தோலின் சிறப்பு அதன் மினுமினுப்பு. பக்கவாட்டிலிருந்து, அகலமான, மென்மையான ஒளி விழுந்தால், கன்னத்திலும் நெற்றியிலும் அது ஓடி முகத்தைச் செதுக்கித் தரும். சன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பாருங்கள், புரியும்.

இத்தகைய ஒளியை அரங்கத்துக்குள்ளேயே உருவாக்கியவர் சுப்ரதா மித்ரா. சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' (1956) படத்துக்காகக் காசி நகரத்து வீட்டு முற்றம் ஒன்றைக் கல்கத்தாவில் செட் போட்டார்கள். முற்றத்துக்கு வெளிச்சம் வானத்திலிருந்துதான் வர வேண்டும். மித்ரா மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளை அதன்மேல் பாய்ச்சி, தெறித்து வரும் ஒளியில் படம் எடுத்தார். நிழல்கள் மென்மையாயின, செட் வீடாயிற்று.

நம் மொழியில் இந்த இயல்பான ஒளியைத் தன் முத்திரையாக்கியவர் பாலு மகேந்திரா. இலங்கையின் மட்டக்களப்புப் பகுதியில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்றவர். 'கோகிலா' (1977), 'மூன்றாம் பிறை' (1982) ஆகிய படங்களுக்குத் தேசிய விருது பெற்றார். அவருடைய 'வீடு' (1988) படத்தைப் பார்க்காதவர்கள் அவசியம் பாருங்கள். பாடல் இல்லை, பனிமலை இல்லை. சொந்த வீடு கட்ட அலையும் ஒரு நடுத்தர வர்க்கப் பெண்; அந்த வேடத்தில் அர்ச்சனா. அந்த மாநிறத்தை வெளுக்க வைக்க எந்த முயற்சியும் இல்லை. கதவு வழியாகவும் சன்னல் வழியாகவும் வரும் ஒளியே அந்த முகத்தின் களைப்பையும் கவலையையும் சொல்லிவிடுகிறது. அந்தப் படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது அர்ச்சனாவுக்குக் கிடைத்தது.

இருட்டையும் இதே போலப் பயன்படுத்தலாம் என்று காட்டியவர் பி.சி. ஸ்ரீராம். 'நாயகன்' (1987) படத்தில் மேலிருந்து விழும் ஒளியில் சில இடங்களில் வேலு நாயக்கரின் கண்கள் நிழலுக்குள் போய்விடும். அவர் என்ன நினைக்கிறார் என்று எதிரே நிற்பவருக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. அது வேண்டுமென்றே வைத்த இருட்டு. என் படத்தில் வந்ததோ அறியாமையால் வந்த இருட்டு. இரண்டையும் பிரித்தறிவதுதான் ஒளிப்பதிவை மதிப்பிடுவதன் முதற்படி.

நம் ஊர் வெளிச்சம்

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகையளவு வடக்கே இருக்கிறது. மதியம் ஒரு மணியளவில் சூரியன் ஏறத்தாழ தலைக்கு மேல் நிற்கும். கண்குழிகளில் நிழல் விழும். மாலை ஏழு மணிக்குச் சூரியன் மறைந்தால், இருபது நிமிடத்தில் இருட்டிவிடும். ஆனால் நமக்கு ஐந்தடி நடைபாதை இருக்கிறது! மேலே கூரை, ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் திறந்த தெரு. நடிப்பவரைத் தெருப்பக்கம் திருப்பி நிறுத்தினால், அந்தத் தெரு முழுவதும் ஒரு பெரிய சன்னலாகிவிடும்.

'ப்ரியா' (1978), 'நினைத்தாலே இனிக்கும்' (1979) போன்ற படங்கள் இங்கு வந்து எடுக்கப்பட்டன. அவற்றில் சிங்கப்பூர் சுற்றிப் பார்க்கும் ஊர். பிறகு, பெரும்பாலும் தமிழில் பேசிய எரிக் கூவின் 'மை மேஜிக்' 2008-இல் கான் விழாவின் போட்டிப் பிரிவுக்குச் சென்றது; கே. ராஜகோபாலின் 'எ யெல்லோ பேர்ட்' 2016-இல் அதே விழாவின் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டது. இவற்றில் ஊரை விட, இங்கு வாழும் தமிழரின் முகமே முக்கியம்.

அடுத்த முறை ஒரு படம் பார்க்கும்போது, ஒரே ஒரு காட்சியில் ஒலியை நிறுத்திவிட்டு மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? அந்த இடத்தில் அப்படி வர வாய்ப்பு உண்டா? அது யாருடைய முகத்தைக் காட்டுகிறது, யாருடையதை மறைக்கிறது? பாட்டும் வசனமும் இல்லாமல் இவற்றுக்கு விடை கிடைத்தால், அந்த ஒளிப்பதிவாளர் தம் வேலையைச் செய்திருக்கிறார்.

எங்கள் படப்பிடிப்புக்கு வருகிறேன். இரண்டு நாள் கழித்து அதே நடைபாதைக்குப் போனோம். தோழியிடம் மன்னிப்புக் கேட்டு, பவுடரைத் துடைக்கச் சொன்னேன். சுவரிலிருந்து நான்கடி தள்ளி, தெருப்பக்கம் முகம் இருக்கும்படி நிறுத்தினேன். மறுபக்கம் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையை நண்பர் பிடித்துக்கொண்டார். அதன் விலை சில வெள்ளிகள்தான். தானியங்கி அளவை அணைத்துவிட்டு, முகத்தைப் பார்த்து நானே ஒளியை அமைத்தேன். எடுத்ததை அங்கேயே அவளிடம் காட்டினேன்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது நான்தான்," என்றாள்.