அறுகில் உயர்ந்த ரகங்கள்: டிஃப்டன் பண்ணையின் படிப்பினை

நமது குடியானவர்களுக்கு அறுகைப்போல் ஓயாத சத்துரு வேறில்லை. உழவு சாலில் அறுபட்ட ஒவ்வொரு கணுவும் ஈரம் கண்டவுடன் வேர்விட்டுப் படர்ந்துவிடும். இக்குணத்தையே மூலதனமாக்கிக்கொண்ட ஓர் ஆராய்ச்சியின் வரலாறு நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் அறியத்தக்கதாகும்.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்திலும் பருத்திக் காடுகளில் அறுகு வெறுக்கப்பட்ட களையாகவே இருந்தது. 1936-ம் வருஷத்தில் டிஃப்டன் என்னும் ஊரிலுள்ள ஆராய்ச்சிப் பண்ணையில் அமர்ந்த கிளென் பர்ட்டன் என்பவர் அதைத் தீவனப் பயிராக்க முனைந்தார். உள்ளூரில் கிடைத்த வீரியமுள்ள அறுகையும் தென்னாப்பிரிக்க அறுகையும் கலந்து அவர் உண்டாக்கிய கோஸ்டல் என்னும் ரகம் 1943-ல் வெளியிடப்பட்டது.

பின்னர் அவர் விளையாட்டு மைதானங்களுக்கேற்ற புல்லை நாடினார். நமது அறுகின் ஜாதியில் பெரும்பாலும் 36 குரோமோசோம்கள் உள்ளன. மெல்லிய இலையுடைய ஆப்பிரிக்க அறுகில் 18 உள்ளன. இவ்விரண்டின் சேர்க்கையில் பிறக்கும் செடிக்கு 27 குரோமோசோம்கள். ஒற்றைப்படையான இவை சரிபாதியாய்ப் பிரியமாட்டாமையால் அச்செடி விதை பிடிப்பதில்லை. ஒரு பெற்றோரின் வன்மையும் மற்றதன் மென்மையும் அதில் கூடியிருக்கும். 1956-ல் டிஃப்கிரீன், 1960-ல் டிஃப்வே முதலிய ரகங்கள் இவ்வகையில் வெளிவந்தன. அண்மைக் காலத்தில் அதே ஊரில் தேர்ந்தெடுக்கப்பட்ட டிஃப்டஃப் என்னும் ரகம் டிஃப்வேயைவிடக் குறைந்த நீரில் பசுமை காக்கவல்லது.

விதையில்லாமையால் இவற்றைக் கொடித்துண்டுகளைக் கொண்டே பெருக்கவேண்டும். ஆகையால் ஒரு ரகத்தின் செடிகளெல்லாம் ஒரே தாய்ச்செடியின் கூறுகளே. இதில் லாபமும் உண்டு, அபாயமும் உண்டு. மைதானம் முழுதும் ஒரே சீராயிருப்பது லாபம். ஆனால் நாற்றங்காலில் அந்நியச் செடி ஒன்று புகுந்தாலும், கொடியில் தானே ஒரு மாறுதல் உண்டானாலும், அதுவும் கூடவே பெருகிவிடும். 1965-ல் வெளிவந்த டிஃப்ட்வார்ஃப் என்னும் குட்டை ரகம் டிஃப்கிரீன் புல்தரையில் இவ்வாறு தோன்றிய மாறுதலேயாம். அங்கே அது நன்மையாய் முடிந்தது. அநேகமாய் இத்தகைய மாறுதல்கள் திட்டுத்திட்டாய்த் தோன்றிச் சரக்கின் மதிப்பைக் கெடுக்கும்.

பர்ட்டன் தமது பண்ணையில் கம்பிலும் உழைத்தார். அவர் அளித்த டிஃப்ட் 23ஏ என்னும் மகரந்தமற்ற தாய்வழியைக் கொண்டே 1965-ல் நம் தேசத்தின் முதல் வீரிய ஒட்டுக் கம்பாகிய எச்.பி.1 வெளிவந்தது. விளைச்சல் உயர்ந்தது. ஆயினும் அத்தாய்வழி அடிச்சாம்பல் நோயைத் தாங்கவில்லை. 1970-களின் தொடக்கத்தில் அந்நோய் பெருஞ்சேதம் விளைவித்தது. ஒரே வம்சத்தை நம்பி நாடெங்கும் பயிரிடுவதன் அபாயத்தை இதனால் அறியலாம். புல்லுக்கும் இது பொருந்தும்.

ஆகவே விற்பனைக்குப் புல்தரை வளர்ப்போர் பின்வருவனவற்றைக் கவனிக்கவேண்டும். நிலத்தைக் கோடையில் பலமுறை உழுது நாட்டு அறுகின் கிழங்கையும் கொடியையும் பொறுக்கியெறிக. ஒருமுறை நீர் பாய்ச்சி, எஞ்சியது முளைத்தபின் அதையும் களைக. நம்பத்தக்க இடத்தினின்றும் கொடித்துண்டுகளைப் பெறுக. நன்கு மக்கிய எருவையே இடுக. நிறத்திலோ இலையிலோ மாறுபட்ட திட்டைக் கண்டால் மண்ணோடு பெயர்த்து அப்புறப்படுத்துக. இரண்டு ரகங்களை ஒட்டினாற்போல் நடலாகாது. மரநிழலில் இப்புல் செழிக்காது.

பள்ளிக்கூட மைதானம் முதலியன அமைக்கும் கிராம அதிகாரிகள், புல் வாங்குமுன் அது வளரும் நாற்றங்காலை நேரில் பார்வையிடுவது நலம். வண்டியில் வந்திறங்கிய கொடியைக் கண்டு ரகத்தை அறிதல் அரிது. வயலில் களையாய் நின்று நம்மை வருத்தும் அறுகு, தூய்மை தவறினால் மைதானத்திலும் களையாகவே நின்றுவிடும்.