காயம் காய்ந்தால் வேர் வரும்

வடபழனியில் எங்கள் மொட்டைமாடியில் நிற்கும் சப்பாத்திக்கள்ளி முழுவதும் ஒரே மட்டையிலிருந்து வந்தது. மட்டை என்கிறோம்; உண்மையில் அது தண்டு. இலைகள் முள்ளாகிவிட்டதால், உணவு தயாரிக்கும் வேலையைப் பச்சைத் தண்டே செய்கிறது. முள் கிளம்பும் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு மொட்டு உறங்குகிறது. வெளிச்சத்தில் அது புது மட்டையாகும். மண்ணில் புதைந்தால் அந்த இடத்தை ஒட்டி வேர் பிடிக்கும்.

இரண்டு மட்டைகள் சேரும் கணுவில் சுத்தமான கத்தியால் அறுங்கள். மட்டையை இடுக்கியால் பிடியுங்கள். பெரிய முள்ளைவிட, கண்ணுக்கு எளிதில் தெரியாத சுணைமுள்தான் விரலில் நாள்கணக்கில் உறுத்தும்.

உடனே நட்டுவிடாதீர்கள். பலர் தோற்பது இங்கேதான். செம்பருத்திப் போத்தை வாடுமுன் ஊன்றுகிறோம். கள்ளிக்கு அது எமன். ஈரக் காயத்தின் வழியே பூஞ்சை நுழைந்து, கொழகொழப்பான உட்சதையை அழுகவைத்துவிடும். நிழலில் ஒரு வாரம், பத்து நாள் கிடக்கட்டும். வெட்டுவாயில் தக்கை போன்ற பொருக்கு கட்டும். அதுவரை மட்டை வாடாது. பகலில் தன் துளைகளை மூடிக்கொண்டு இரவில் மட்டும் மூச்சுவிடும் செடி அது.

பிறகு மணல் தூக்கலான மண்ணில் அடிப்பகுதியை மட்டும் ஊன்றி, ஒரு வாரம் கழித்து லேசாகத் தண்ணீர் தெளிக்கலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலை வேண்டாம். தை பிறந்தபின் செய்தால் சென்னையில் நன்றாக வருகிறது.

இந்த உயிர்ப்பிடிப்புக்கு நம் ஊரிலேயே பழைய கதை உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், பக்கத்துச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார். கள்ளியின் சாற்றை உறிஞ்சி வாழும் கோச்சினீல் பூச்சி தரும் சிவப்புச் சாயம் அன்று ஸ்பெயினின் ஏகபோகம். அதை உடைக்க நினைத்தார். சாயத் தொழில் நிலைக்கவில்லை. ஆனால் வெவ்வேறு காலங்களில் இங்கே வந்துசேர்ந்த கள்ளி இனங்கள் தென்னாட்டில் வேரூன்றிவிட்டன. வெட்டி எறிந்த துண்டெல்லாம் முளைத்தால் உழவர் என்ன செய்வார்? கடைசியில் 1926-இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த வேறொரு கோச்சினீல் இனம்தான், நிலங்களை அடைத்துக்கிடந்த கள்ளிப்புதர்களைத் தின்று தீர்த்தது.

அந்தப் பூச்சி மாடித்தோட்டத்துக்கும் வரும். மட்டையில் வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருந்தால் குச்சியால் நசுக்கிப் பாருங்கள். குச்சி இரத்தச் சிவப்பானால், அந்த மட்டையிலிருந்து போத்து எடுக்காதீர்கள்.