டிஸ்க்குக்குள் குடியேறிய அறிவு

பழைய கம்ப்யூட்டர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் ப்ராசஸரின் வேகத்தைத்தான் முதலில் சொல்கிறோம். 1980களில் பொறியாளர்களும் ஆராய்ச்சியாளர்களும் மேஜையில் வைத்து யூனிக்ஸ் ஓட்டிய வொர்க்ஸ்டேஷன்களை அந்த ஓர் அளவுகோலால் மட்டும் மதிப்பிட்டால் பாதிக் கதை விட்டுப்போகும். கூடுதல் கார்டுகளைச் செருகும் பாதையான பஸ், டிஸ்க்கோடு பேசும் இணைப்பு ஆகிய இரண்டும் அந்த இயந்திரங்களின் வளர்ச்சிக்கு எல்லை வகுத்தன. இவற்றில் காலம் கடந்து நின்றது டிஸ்க் இணைப்பில் வந்த மாற்றம்தான் என்பது என் கருத்து.

சன் மைக்ரோசிஸ்டம்ஸை எடுத்துக்கொள்வோம். 1982இல் தொடங்கிய அந்த நிறுவனம் தன் முதல் இயந்திரத்துக்குப் புதிதாக எந்த பஸ்ஸையும் உருவாக்கவில்லை. இன்டெல்லின் மல்டிபஸ்ஸையே எடுத்துக்கொண்டது. அதற்கான கார்டுகள் சந்தையில் ஏற்கெனவே கிடைத்தன. சிறிய நிறுவனத்துக்கு அது பெரிய பலம். பிறகு விஎம்இ பஸ்ஸுக்கு மாறியது. அதில் சன் பயன்படுத்திய பெரிய கார்டு சுமார் 37 செ.மீ. உயரம், 40 செ.மீ. ஆழம் கொண்டது. 1989இல் வந்த ஸ்பார்க்ஸ்டேஷன் 1 இயந்திரத்தின் எஸ்பஸ் கார்டோ 15 செ.மீ. நீளத்துக்குள் அடங்கிவிட்டது. அளவு குறைந்ததைவிட எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. பழைய கார்டுகளில் சின்னச் சின்ன ஜம்பர்களை இடம் மாற்றித்தான் முகவரியை அமைக்க வேண்டும். இரண்டு கார்டுகளுக்கு ஒரே முகவரி விழுந்தால் வேலை நின்றுபோகும். எஸ்பஸ் கார்டில் இருந்த ஒரு சிப்பில், ‘ரோம்’ எனப்படும் நிரந்தர நினைவகத்தில், ஃபோர்த் மொழியை ஒட்டிய சிறு நிரல் இருந்தது. இயந்திரம் எழும்போது, தான் என்ன கார்டு என்பதை அந்த நிரலே சொல்லிவிடும்.

டிஸ்க்கிலும் இதே திசையில்தான் மாற்றம் வந்தது. கன்ட்ரோல் டேட்டா நிறுவனத்தின் எஸ்எம்டி வகை டிஸ்க்குகளில் அறிவு முழுவதும் பஸ்ஸில் செருகிய கன்ட்ரோலர் கார்டில் இருந்தது. எந்த சிலிண்டருக்கு நகர வேண்டும், எந்த ஹெட் படிக்க வேண்டும், எந்த செக்டார் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் கம்ப்யூட்டரின் பக்கம்தான் கணக்கிட வேண்டும். பழுதான இடங்களின் பட்டியலை டிஸ்க்கின் மேலேயே தாளில் அச்சிட்டு ஒட்டியிருப்பார்கள். ஃபார்மட் செய்யும்போது அதைக் கணக்கில் கொண்டாக வேண்டும். ஷுகார்ட் அசோசியேட்ஸ் தொடங்கிவைத்து, 1986இல் அமெரிக்கத் தர நிர்ணயமாக ஏற்கப்பட்ட ஸ்கஸி இந்தச் சுமையை இறக்கியது. கம்ப்யூட்டரையும் சேர்த்து எட்டுச் சாதனங்கள் ஒரே கேபிளில் இணையலாம். இத்தனையாவது பிளாக் வேண்டும் என்று கேட்டால் போதும். அது எங்கே இருக்கிறது என்பது டிஸ்க்கின் பொறுப்பு.

இதற்கு வலுவான எதிர்வாதம் உண்டு. 1984இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தினர் விவரித்த யூனிக்ஸ் கோப்பு முறை, டிஸ்க்கின் சிலிண்டர் அமைப்பைத் தெரிந்துகொண்டு கோப்புகளை அருகருகே வைத்து வேகத்தைக் கூட்டியது. டிஸ்க் தன் உள்ளமைப்பை மறைத்தால் அந்த நுட்பம் பயனிழக்காதா? ஓரளவு இழந்தது உண்மைதான். ஆனால் வெளி வட்டங்கள் நீளமானவை; அவற்றில் அதிக செக்டார்களை வைத்தால் அதே தகட்டில் கூடுதல் தகவல் அடங்கும். எல்லா வட்டத்திலும் ஒரே எண்ணிக்கை என்று கம்ப்யூட்டர் நம்பும்வரை அது எளிதில் நடக்காது. உள்ளமைப்பை மறைத்ததால்தான் டிஸ்க் தயாரிப்பாளர்களுக்கு அந்தச் சுதந்திரம் கிடைத்தது. இழந்ததைவிடப் பெற்றது பெரிது.

ஸ்கஸியும் விலையில் தோற்றதே, 1998இல் சன் தானே அல்ட்ரா 5 இயந்திரத்தில் மலிவான ஐடிஇ டிஸ்க்கை வைத்ததே என்று கேட்கலாம். ஐடிஇ டிஸ்க்கிலும் கன்ட்ரோலர் டிஸ்க்கோடுதான் இருக்கிறது. தோற்றது கேபிளும் விலையும், கருத்து தோற்கவில்லை. அதே இயந்திரத்தில் எஸ்பஸ்ஸின் இடத்தையும் பிசிஐ பிடித்துக்கொண்டது. எஸ்பஸ் இன்று பழைய இயந்திரங்களைச் சேகரிப்பவர்களிடம் மட்டுமே இருக்கிறது. ஸ்கஸி கட்டளைகளோ, நாம் யுஎஸ்பியில் செருகும் பென் டிரைவுக்கு இன்றும் போய்க்கொண்டிருக்கின்றன.