பச்சிளம் குழந்தையைத் தாயின் மார்பில் ஏன் கிடத்துகிறார்கள்?

நீலகிரி மலையிலுள்ள அவலாஞ்சி 2,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய இடம். இந்த ஈரக்குளிரில் பச்சிளம் குழந்தையால் நம்மைப் போல நடுங்கிச் சூடேற்றிக்கொள்ள முடியாது. தோளிலும் முதுகிலும் உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்தாக வேண்டும்; அதற்கு ஆக்சிஜன் கூடுதலாகச் செலவாகும். இதயத்தில் குறையோடு பிறந்த குழந்தைக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. மலைக்காற்றிலும் ஆக்சிஜன் குறைவு. குளிர் நுரையீரல் ரத்தக்குழாய்களையும் இறுக்கும். ஆகவே, தாயின் வெற்று மார்பில் கிடத்துவது வெறும் பாசமல்ல, இதயத்தின் வேலையைக் குறைக்கும் வழி என்பேன்.

இப்படித் தோலோடு தோலாகக் குழந்தையை அணைத்து வைப்பதே கங்காரு பராமரிப்பு. 1978இல் கொலம்பியாவின் போகோட்டாவில் தொடங்கிய இதை, இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் ஆராய்ந்தது. பிறந்ததுமே இதைத் தொடங்கிய எடை குறைந்த குழந்தைகளிடையே இறப்பு சுமார் 25 சதவீதம் குறைந்ததாக 2021இல் தெரிந்தது. அது இதயநோய்க்கான ஆய்வல்லவே என்று கேட்கலாம், நியாயம்தான். இதயக் குறையுள்ள குழந்தைகளிடம் நடந்தவை சிறு ஆய்வுகளே. ஆனாலும் உடல்நிலை சீரான குழந்தைகள் கண்காணிப்பில் இதைத் தாங்கிக்கொண்டன. 'தூக்கினால் இதயம் களைத்துவிடும்' என்ற பயத்துக்கு அவை இடம் தரவில்லை. இதயத்தில் ஓட்டை இருந்தால் அதை இது அடைக்காது. பால் குடிக்கையில் வியர்த்து மூச்சிரைத்தாலோ உதடு நீலம் பாரித்தாலோ, உடனே ஊட்டிக்குக் கொண்டுசென்று மருத்துவரிடம் காட்ட வேண்டும்.