சங்கிலிக்கும் ஒரு நாழிகை

வீட்டுக் கிணற்றின் கப்பிக்கு எண்ணெய் இடுவோம். தையல் இயந்திரத்துக்கும் இடுவோம். ஆயின் நாள்தோறும் நம்மைச் சுமந்து செல்லும் துவிச்சக்கரவண்டியின் சங்கிலியை, அது அறுந்து வீதியில் வீழும்வரை நினைப்பார் மிகச் சிலரே. அது கவசத்தினுள் மறைந்து கிடப்பதும் இதற்கொரு காரணமாகலாம்.

நாம் மாணவராயிருந்த காலத்திற் பரீட்சை நாளொன்றிலே பாதி வழியிற் சங்கிலி கழன்றது. கரிபடிந்த கைகளுடன் நேரந் தாழ்த்தி மண்டபம் புகுந்தோம். விடைத்தாளின் முதற்பக்கத்தில் நம் விரலடையாளங்களே முன்னே நின்றன. குற்றம் வண்டியினுடையதன்று; மாதக்கணக்காக அதனைத் திரும்பியும் பாராத நம்முடையதே.

இவ்வண்டியின் அருமையை நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது, முதியோரையும் குழந்தைகளையும் மூட்டை முடிச்சுகளையும் தாங்கியது இதுவே. 2022இல் எரிபொருள் அருகியபோதும் பலர் இதனையே மீண்டும் நாடினர்.

இன்று நாம் காணும் உருளைச் சங்கிலியை 1880இல் ஆக்கியவர், சுவிற்சர்லாந்திற் பிறந்து மான்செஸ்டரில் தொழில் நடத்திய ஹான்ஸ் றெனோல்ட் என்பவர். ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் ஆணி, அதனைச் சூழ்ந்த சிறு குழாய், அதன்மேற் சுழலும் உருளை என்பன உள. எண்ணெய் வேண்டப்படுவது இவற்றின் இடைவெளியிலேயே. வெளியே அப்பிய எண்ணெய் மணலைப் பிடித்துக்கொள்ளும்; மணலும் எண்ணெயுங் கூடினால் அரம்போல இரும்பை அராவும்.

ஆகையால் முதலிற் செய்யற்பாலது சுத்திகரிப்பு. இணைப்புக் கிளிப்பை நீக்கிச் சங்கிலியைக் கழற்றி, பழைய தகரமொன்றில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிடுக. பழைய பற்றூரிகையாற் கண்ணி கண்ணியாகத் தேய்த்துத் துணியால் துடைத்து, நிழலிலே தொங்கவிட்டு நன்றாக உலர்த்துக. ஈரம் எஞ்சின் புதிய எண்ணெயும் நீர்த்துப்போகும். பெற்றோல் கூடாது, அது தீயை வலிந்தழைப்பதாகும். அழுக்கு மண்ணெண்ணெயைக் கிணற்றடியில் ஊற்றுதலும் பெருந்தவறு. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் மேலே ஊற்றுவது கீழே குடிநீரைச் சேர நெடுங்காலஞ் செல்லாது.

உலர்ந்த சங்கிலியை அளந்தும் பார்க்கலாம். ஆணிக்கு ஆணி அரை அங்குலம்; ஆதலின் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருத்தல் வேண்டும். அதற்குமேல் 1/16 அங்குலம், அதாவது நம் பாட்டன்மார் கூறிய ஒரு மாகாணி, மிகுந்தாற் சங்கிலியை மாற்றுக. 1/8 அங்குலம் மிகுந்தாற் பற்சில்லுகளும் தேய்ந்திருத்தல் கூடும். ஒரு மாகாணியிற் கவனித்தவருக்குச் செலவு ஒன்று. அரைக்காலுக்குக் காத்திருந்தவருக்கு மூன்று.

மீளப் பூட்டும்போது கிளிப்பின் திசையைக் கவனிக்க. அது மீன் வடிவினது. சங்கிலியின் மேற்பகுதியில் வரும்போது, மூடிய தலை முன்னோக்கியும் பிளந்த வால் பின்னோக்கியும் இருக்கவேண்டும். கீழ்ப்பகுதியின் நடுவை விரலால் அசைத்தால் ஏறக்குறைய அரை அங்குலம் ஆடவேண்டும்.

இனி எண்ணெய். ஒவ்வோர் உருளைக்கும் ஒரு துளியே போதும். மிதிகட்டையைப் பின்னோக்கிச் சுழற்றிச் சில நிமிடம் ஊறவிட்டு, வெளியே நிற்பதை முற்றாகத் துடைத்துவிடுக. சமையல் எண்ணெய்கள் நாளடைவிற் பிசினாகும். வாகனத்திலிருந்து வடித்த பழைய எண்ணெயில் இரும்புத் துகள் உண்டு. தையல் இயந்திர எண்ணெய் நல்லதே. மெல்லியதாதலின் அடிக்கடி இடவேண்டும். மழையில் நனைந்த வண்டிக்கு அன்றே துடைப்பும் எண்ணெயும் தேவை. றிம்மில் ஒரு துளியும் படலாகாது. பட்டாற் பிறேக் பிடியாது.

பெற்றோர்க்கு ஒரு சொல்: சில்லுச் சுழலும்போது சிறுவரின் விரல் சங்கிலியருகே செல்லாதபடி பார்த்துக்கொள்க. மற்ற வேலைகளை அவர்களிடமே விடுக. ஞாயிறு மாலையில் ஒரு நாழிகை செலவிட்ட மாணவன், திங்கட் காலையில் ஓசையின்றிப் பாடசாலை செல்வான். அவன் கைகளும் விடைத்தாளும் தூய்மையாயிருக்கும்.