இருமல் மருந்துச் சீட்டு: ஒருவருக்கு, ஒரு நோய்க்கு, ஒரு தடவைக்கு

ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டால் பாஞ்சாலங்குறிச்சியைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களில் பிள்ளைகளுக்குச் சளியும் இருமலும் வருவது வழக்கம்தான். பக்கத்தில் ஓட்டப்பிடாரம், கொஞ்சம் தள்ளிக் குறுக்குச்சாலை, பெரிய நோவு என்றால் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. டாக்டர் எழுதிய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிய சிரப் புட்டி, பல வீடுகளில் அந்தப் பருவம் முழுக்க அலமாரியில் இருக்கும். மூத்தவனுக்கு எழுதியதை இளையவளுக்கும் கொடுப்பார்கள். போன மாதம் மிஞ்சியது இந்த மாத இருமலுக்கும் ஆகும். இந்தப் பழக்கத்தை ஏன் விட வேண்டும் என்பதற்கு, 2025-இல் நம் மாநிலத்தில் தயாரான ஒரு மருந்தே கொடிய சாட்சியாகிவிட்டது.

காஞ்சிபுரத்தில் என்ன நடந்தது?

2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில், பராசியா பகுதியில், சாதாரணச் சளி இருமலுக்கு மருந்து குடித்த குழந்தைகளுக்கு அடுத்தடுத்துச் சிறுநீர் நின்றது. சிறுநீரகம் செயலிழந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். அவர்கள் குடித்த 'கோல்ட்ரிப்' சிரப், காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஸ்ரீசன் பார்மா ஆலையில் தயாரானது.

மத்தியப் பிரதேச அரசின் தகவல் அக்டோபர் 1 அன்று வந்ததும் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அந்த ஆலையில் மாதிரி எடுத்தது. எஸ்.ஆர்.-13 என்ற தொகுதி எண் கொண்ட மருந்தில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு இருப்பதாக மறுநாளே பரிசோதனை முடிவு சொன்னது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 விழுக்காடு மட்டுமே. ஆலையில் நூற்றுக்கணக்கான விதிமீறல்கள் பதிவாயின. உரிமையாளர் கைது செய்யப்பட்டார். அக்டோபர் 13 அன்று ஆலையின் உரிமம் ரத்தானது. அதே நாளில் உலக சுகாதார நிறுவனம் கோல்ட்ரிப் உள்ளிட்ட மூன்று இந்திய சிரப்புகளைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது.

அந்தக் குழந்தைகளின் பெற்றோர் பலர் கடையில் தாங்களாக வாங்கிக் கொடுத்தவர்கள் அல்லர். டாக்டரிடம் காட்டி, சீட்டு வாங்கி, சொன்ன மருந்தைத்தான் கொடுத்தார்கள். ஆகவே 'சீட்டு இருக்கிறது, பயமில்லை' என்று இருந்துவிட முடியாது. எதற்காக இந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள், எந்தப் புட்டியிலிருந்து என்ற நான்கு கேள்விகளுக்கும் வீட்டில் பதில் இருக்க வேண்டும்.

சிரப்புக்குள் நஞ்சு எப்படி வருகிறது?

சிரப்பில் மருந்து கரைந்து நிற்க ஒரு திரவம் வேண்டும். புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், சார்பிட்டால் ஆகியவை அதற்குப் பயன்படுகின்றன. மருந்துத் தரத்தில் உள்ளவை விலை கூடியவை. தொழிற்சாலைத் தரத்தில் கிடைப்பவை மலிவானவை. அந்த மலிவுச் சரக்கில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்திருக்கக்கூடும். நிறமில்லாதது, வாடையில்லாதது, இனிப்பானது. குடிப்பவருக்கோ கொடுப்பவருக்கோ தெரியாது. கொதிக்க வைத்தாலும் போகாது. உடலுக்குள் சென்றபின் இது சிதைந்து உண்டாகும் அமிலங்கள் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அழித்துவிடுகின்றன.

இது புதிய நஞ்சும் அல்ல. 1937-இல் அமெரிக்காவில் 'எலிக்சிர் சல்பனிலமைடு' என்ற மருந்தால் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததால்தான், விற்பனைக்கு வருமுன் மருந்தின் பாதுகாப்பை நிறுவ வேண்டும் என்ற சட்டம் 1938-இல் அங்கே வந்தது. 1972-இல் சென்னை எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனையில் 15 குழந்தைகள் இதே நஞ்சு கலந்த மருந்தால் இறந்தனர். 1986-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனை, 1998-இல் குர்கான், 2019-20-இல் ஜம்மு என்று பட்டியல் நீண்டது. 2022-இல் காம்பியா, இந்தோனேசியா, உஸ்பெகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளில் மட்டும் 300-க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் சிறு குழந்தைகள், இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கூறியது. வாங்கும் மூலப்பொருளின் ஒவ்வொரு பீப்பாயையும் சோதித்துப் பார்த்திருந்தால் இவற்றைத் தடுத்திருக்கலாம்.

எல்லா இருமலுக்கும் மருந்து வேண்டுமா?

வேண்டாம். குழந்தைகளுக்கு வரும் இருமலில் பெரும்பகுதி வைரஸ் கிருமியால் வருவது, தானாகவே அடங்குவது. சளி ஒரு வாரம் பத்து நாளில் தணிந்தாலும் இருமல் இரண்டு மூன்று வாரம் வரை இழுக்கக்கூடும். இருமுவது உடல் தன் மூச்சுக்குழாயைச் சுத்தம் செய்துகொள்ளும் வேலை. அதை மருந்தால் அடக்கினால் நோய் சீக்கிரம் போய்விடும் என்பதற்கு ஆதாரமில்லை.

மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம் 2025 அக்டோபர் 3 அன்று அனைத்து மாநிலங்களுக்கும் அறிவுறுத்தியது இதுதான்: இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவோ வழங்கவோ கூடாது, ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் பொதுவாக அவை பரிந்துரைக்கப்படுவதில்லை. இதற்கு முன்பே, 2023 டிசம்பரில், குளோர்பெனிரமினும் பினைல்எப்ரினும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையை அட்டையில் அச்சிட மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டிருந்தது.

அதனால் சிறு பிள்ளையின் இருமலுக்கு டாக்டர் சிரப் எழுதாமல் அனுப்பினால், அவர் கவனிக்கவில்லை என்று எண்ண வேண்டாம், கவனித்ததால்தான் எழுதவில்லை. வெதுவெதுப்பான நீராகாரம், ஓய்வு, மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு, ஒரு வயது கடந்த பிள்ளைக்கு இரவில் கொஞ்சம் தேன் ஆகியவை பெரும்பாலும் போதும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. அதன் வழியாக வரக்கூடிய ஒரு வகைக் கிருமி நஞ்சு குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடும். சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கருப்பட்டி சேர்த்த வெந்நீர் பெரியவர்களின் தொண்டைக்கு இதமாக இருக்கும். சின்னப் பிள்ளைகளை ஆவி பிடிக்க வைப்பதில் கொதிநீர் கொட்டிச் சுட்டுவிடும் ஆபத்து உண்டு; தவிர்த்துவிடுங்கள்.

மருந்து எழுதப்பட்டால் எப்படிக் கொடுப்பது?

முதலில் அளவு. குழந்தையின் வயதைவிட எடைதான் முக்கியம். ஒவ்வொரு முறையும் எடை பார்த்து எழுதச் சொல்லிக் கேளுங்கள். 'ஒரு ஸ்பூன்' என்பது மருத்துவத்தில் 5 மில்லி. வீட்டுக் கரண்டிகளில் ஒன்று மூன்று மில்லி பிடிக்கும், இன்னொன்று ஏழு மில்லி பிடிக்கும். புட்டியோடு வரும் கோடு போட்ட மூடியாலோ ஊசியில்லாத சிரிஞ்சாலோ மட்டுமே அளந்து கொடுங்கள். ஒரே பெயரில் சொட்டு மருந்தும் சிரப்பும் இருந்தால் சொட்டு மருந்தில் வீரியம் பல மடங்கு. சிரப்பைக் கொடுக்கும் அளவில் சொட்டு மருந்தைக் கொடுத்துவிடக் கூடாது.

இரண்டாவது, கலவை. பல சளி சிரப்புகளில் பாரசிட்டமாலும் சேர்ந்திருக்கும். காய்ச்சலுக்கென்று தனியாகப் பாரசிட்டமால் கொடுத்துவிட்டு, சளிக்கென்று அந்தச் சிரப்பையும் கொடுத்தால் ஒரே மருந்து இரண்டு தடவை போய் ஈரல் கெடக்கூடும். வீட்டில் வேறென்ன மருந்து நடக்கிறது என்பதை டாக்டரிடமும் மெடிக்கலிலும் சொல்லிவிடுங்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, கோடீன். இது கலந்த சிரப்புகள் 'ஷெட்யூல் எச்-1' பட்டியலில் வருபவை. சீட்டில்லாமல் விற்கக் கூடாது. விற்றால் நோயாளியின் பெயரையும் டாக்டரின் பெயரையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். இத்தனை கெடுபிடி ஏன் என்றால், கோடீன் உடலில் மார்பினாக மாறுகிறது. சிலருக்குப் பிறவியிலேயே இந்த மாற்றம் மிக வேகமாக நடக்கும். வழக்கமான அளவே அவர்களின் மூச்சை மந்தமாக்கி நிறுத்திவிடக்கூடும். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கூடாது. பால் கொடுக்கும் தாய்க்கும் கூடாது; பாலின் வழியே குழந்தைக்குப் போகும். அமெரிக்கா 2018 முதல் இவ்வகை இருமல் மருந்துகளைப் பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டது. தூக்க மாத்திரையோடும் மதுவோடும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து; நாள்பட்டால் பழக்கமாகிவிடும்.

வேலைக்குப் போகிறவர்கள்

தருவைகுளத்திலிருந்து விடியுமுன் கடலுக்குப் போகிறவரும், துறைமுகத்துக்குச் சரக்கு லாரி ஓட்டுகிறவரும், கரிசலில் டிராக்டர் ஓட்டுகிறவரும் இருமல் மருந்து வாங்கும்போது 'தூக்கம் வருமா?' என்று கேட்டே ஆக வேண்டும். குளோர்பெனிரமின், புரோமெத்தசின், கோடீன் மூன்றும் தூக்கத்தைத் தரும், கவனத்தைக் குறைக்கும். முதல் வேளையை வேலையில்லாத இரவில் குடித்துப் பாருங்கள்.

சங்கு குளிப்பவர்கள் சளி பிடித்திருக்கும் நாள்களில் முங்கவே கூடாது. மூக்கு அடைத்திருக்கும்போது காதுக்குள் அழுத்தம் சமப்படாது; செவிப்பறை கிழிந்துவிடலாம். மருந்து குடித்து மூக்கைத் திறந்துகொண்டு இறங்கினாலும், தண்ணீருக்குள் இருக்கையிலேயே மருந்தின் வேகம் தணிந்து மறுபடி அடைத்துக்கொள்ளும்.

ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இரண்டு செய்திகள். பினைல்எப்ரின் உள்ள சளி மருந்து அழுத்தத்தை ஏற்றக்கூடும். எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற அழுத்த மாத்திரைகளே சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். அப்படியிருந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மாற்று மருந்து உண்டு. மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர்கள் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் உள்ள சிரப்பை டாக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

குழந்தை அழாமல் படுத்திருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40, அல்லது அதற்கும் மேல் இருந்தால் நிமோனியாவாக இருக்கலாம். விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்குவது, உதடு நீலம் பாரிப்பது, பால் குடிக்க முடியாமை, எழுப்பினாலும் எழாத மயக்கம் இவற்றில் எது இருந்தாலும் 108-ஐ அழையுங்கள்.

மருந்து குடித்தபின் வாந்தி, வயிற்று வலி, சிறுநீர் குறைவது ஆகியவை தெரிந்தால் மருந்தை அக்கணமே நிறுத்துங்கள். புட்டியைத் தூக்கி எறியாமல் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். பெரியவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சிரப் மாற்றி மாற்றிக் குடிக்க வேண்டாம். அரசு மருத்துவமனையில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை இலவசம்.

ரசீது ஏன் வேண்டும்?

தொகுதி எண்ணோடு ரசீது கேட்டு வாங்குங்கள். ஒரு தொகுதி நஞ்சென்று அறிவிக்கப்பட்டால், உங்கள் வீட்டுப் புட்டி அதுவா என்று அந்த எண்ணை வைத்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். பக்கவிளைவுகளை 1800-180-3024 என்ற இலவச எண்ணில் தெரிவிக்கலாம். சிகிச்சை முடிந்ததும் மிஞ்சிய சிரப்பை அடுத்த இருமலுக்கென்று வைக்காதீர்கள்.

இவ்வளவும் குடும்பம் செய்யக்கூடியவை. நஞ்சைக் கண்டுபிடிப்பதைக் குடும்பத்தின் தலையில் கட்ட முடியாது. எந்தத் தாயின் நாக்காலும் அதைக் கண்டுபிடிக்க இயலாது. அது ஆலையின் கடமை, ஆலையைச் சோதிக்கும் அரசின் கடமை. தரமற்ற மருந்துகளின் பட்டியலை மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் வெளியிடுகிறது. அதைத் தமிழில் ஒரே பக்கமாக்கி ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும், ஓட்டப்பிடாரத்திலும் குறுக்குச்சாலையிலும் உள்ள ஒவ்வொரு மெடிக்கல் வாசலிலும் ஒட்டுவதற்குப் பெரிய செலவு ஆகாது. தமிழ்நாட்டில் செய்த மருந்தால் பிள்ளைகள் இறந்தபின், இதைக் கேட்டு வாங்கும் உரிமையும் கடமையும் தமிழ்நாட்டு மக்களுக்கு இருக்கின்றன.