நின்று, தொட்டு, ஜெபிக்க ஓர் இடம்

தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் விளக்குகளைப் பாதியாகக் குறைத்திருந்தோம். நாற்காலி வரிசைகள் இல்லை. மேடை இல்லை, மைக் இல்லை. சுவரோரமாக ஐந்து மேசைகள். ஒன்றில் தண்ணீர்ப் பாத்திரம், ஒன்றில் அடுப்புக்கரி, ஒன்றின்கீழ் பாய் விரித்து அதன்மேல் ஒரு மணற்கடிகாரம். வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, ஆளுக்கொரு மேசையாகப் போய் நின்றார்கள். ஒன்றரை மணி நேரம் யாரும் பிரசங்கம் செய்யவில்லை. ஆனாலும் அது ஓர் ஆராதனை.

இதை நாங்கள் 'ஜெப நிலையம்' என்கிறோம். "ஸ்டேஷனா? எந்த லைன்?" என்று கல்லூரி நண்பர்கள் கேலி செய்வதுண்டு. சிங்கப்பூரில் அந்தக் கேலிக்கு ஒரு பதில் கைவசம் இருக்கிறது. நொவீனா எம்ஆர்டி நிலையத்தின் பெயரே ஒரு ஜெபத்தின் பெயர்தான். ஒன்பது நாள் தொடர்ந்து செய்யும் மன்றாட்டுக்குப் பெயர் நொவீனா. பக்கத்திலுள்ள புனித அல்போன்சஸ் தேவாலயத்தில் 1951 முதல் சனிக்கிழமைதோறும் அந்த வழிபாடு நடக்கிறது. மக்கள் தங்கள் வேண்டுதல்களையும் நன்றிகளையும் கடிதமாக எழுதிக் கொடுக்கிறார்கள். சில கடிதங்கள், எழுதியவர் பெயரில்லாமல், சபையில் வாசிக்கப்படுகின்றன. பெயரில்லாமல் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

நிலையம் என்ற சொல்லுக்குள் 'நில்' இருக்கிறது. கத்தோலிக்கத் தேவாலயத்துக்குள் போயிருந்தால் இரு பக்கச் சுவர்களிலும் 14 படங்களையோ சிற்பங்களையோ பார்த்திருப்பீர்கள். இயேசு தீர்ப்பிடப்பட்டதிலிருந்து கல்லறையில் வைக்கப்பட்டதுவரை, ஒவ்வொன்றும் ஒரு 'நிலை'. ஒன்றின்முன் நின்று ஜெபித்துவிட்டு அடுத்ததற்கு நடப்பதே சிலுவைப் பாதை. எருசலேமுக்குப் பயணம் போய் அந்தத் தெருக்களில் நடக்க எல்லாராலும் முடியாது. அதனால் அந்தத் தெருவையே ஊருக்குக் கொண்டுவந்தார்கள். இதைப் பரப்பியவர்கள் பெரும்பாலும் பிரான்சிஸ்கன் துறவிகள். நிலைகளின் எண்ணிக்கை ஊருக்கு ஊர் மாறிக்கொண்டிருந்தது. 1731ல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் கிளமெண்ட் அதை 14 என்று நிலைப்படுத்தினார்.

பிரான்சிலுள்ள சார்த்ர் பேராலயத்தின் தரையில் இன்னொரு வழி இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்லில் பதித்த சுற்றுப்பாதை அது. விட்டம் சுமார் 13 மீட்டர்தான். ஆனால் வளைந்து வளைந்து நடுவட்டத்தை அடைய ஏறத்தாழ 260 மீட்டர் நடக்க வேண்டும். வழி தவற முடியாது. ஒரே பாதைதான். 2000ஆம் ஆண்டில் லண்டனில் மாற்று வழிபாட்டு முறைகளைத் தேடிக்கொண்டிருந்த சிறு குழுக்கள் இந்த யோசனையை எடுத்து, செயின்ட் பால் பேராலயத்துக்குள் ஒரு சுற்றுப்பாதையை விரித்தன. நடப்பவர் காதில் ஒலிக்கருவி. வழியில் ஆங்காங்கே நின்று செய்ய ஒரு சிறு செயல். அதற்கு முந்தைய ஆண்டு, 1999 செப்டம்பரில், இங்கிலாந்தின் சிசெஸ்டர் நகரில் இளையர்கள் ஓர் அறையில் இரவும் பகலும் மாறி மாறி ஜெபிக்கத் தொடங்கினார்கள். ஒரு மாதம் என்று திட்டமிட்டது நிற்கவே இல்லை. சுவரெங்கும் எழுதினார்கள், வரைந்தார்கள். இன்று '24-7 பிரேயர்' என்ற பெயரில் பல நாடுகளில் பரவியிருக்கும் இயக்கத்தின் தொடக்கம் அந்த அறைதான். அவர்களுக்கு முன்மாதிரி, ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் 1727ல் மொராவியர்கள் தொடங்கி நூறாண்டு விடாமல் நடத்திய ஜெபக்காவல்.

நாங்கள் செய்ததற்கும் அதற்கும் ஒப்பீடே இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, நான் தொடக்கக் கல்லூரி முதலாம் ஆண்டில் இருந்தபோது, எங்கள் வாலிபர் சங்கத்துக்குப் பெரிய வியாழன் இரவு ஆராதனையின் பொறுப்பு கிடைத்தது. இணையத்தில் நூறு யோசனைகள் பார்த்தோம். எட்டு நிலையங்கள். தொங்கும் மின்விளக்குச் சரங்கள், கண்ணாடி, நிழல் விளையாட்டு, பின்னணி இசை. ஏறக்குறைய 300 வெள்ளி செலவானது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

முதல் சறுக்கல் மெழுகுவத்தி. குளிர்சாதனக் கூடத்தில் நாற்பது மெழுகுவத்திகளை ஏற்றினால் என்ன ஆகும் என்று உயர்நிலைப் பள்ளி மாணவர்கூடச் சொல்லிவிடுவார். பாதி ஆராதனையில் புகை உணர்கருவி அலற, எல்லாரும் வெளியே நின்றோம். இப்போது மின்கலத்தில் எரியும் விளக்குகள்தான். அசல் தீச்சுடர் வேண்டுமென்றால் ஒன்றே ஒன்று, மணல்தட்டில், பக்கத்தில் ஓர் ஆளோடு.

இரண்டாவது, மொழி. எல்லா மேசையிலும் ஆங்கிலத்தில் அழகான கையெழுத்தில் நீளமான விளக்க அட்டைகள். எங்கள் சபைக்குத் தமிழகத்திலிருந்து வேலைக்கு வந்திருக்கும் அண்ணன்மார் பலர் வருகிறார்கள். வியாழன் இரவு வேலை முடிந்து, சீருடையோடு நேராக வந்திருந்த ஒருவர், ஒவ்வோர் அட்டையையும் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனார். எட்டையும் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார். தமிழ்ச் சபையில், தமிழ் ஆராதனையில், தமிழ் அட்டை எழுத எங்களுக்குத் தோன்றவில்லை என்பதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

பிறகு ஒரு பாட்டி. கடைசி நிலையத்தில் பெரிய மரச்சிலுவை. மனத்தைப் பாரமாக அழுத்துவதைத் தாளில் எழுதி அதில் குத்த வேண்டும். பாட்டி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம், "எனக்கு எழுத வராதுப்பா. நீ எழுதறியா?" என்றார். நான் சரி என்றேன். அவர் சொல்ல வாயெடுத்தார். சுற்றிலும் ஆட்கள் நிற்பதைப் பார்த்தார். "பரவால்ல, விடு" என்று பேனாவை வைத்துவிட்டார்.

இவையெல்லாம் திருத்திக்கொள்ளக்கூடிய தவறுகள். திருத்த முடியாத ஒன்றையும் அன்றிரவே செய்தோம். செய்தோம் என்பது சரியில்லை. செய்தது நான்.

ஆராதனை முடிந்ததும் சிலுவை நிறையத் தாள்கள். விளக்கொளியில் அவ்வளவு அழகு. கைப்பேசியில் ஒரு படம் எடுத்து என் இன்ஸ்டகிராமில் போட்டேன். யார் பெயரும் இல்லையே என்ற நினைப்பு. படத்தைப் பெரிதாக்கினால் எழுத்து தெரியும் என்பதை நான் யோசிக்கவில்லை. உயர்நிலை நான்கில் படித்த ஒரு தங்கையின் கையெழுத்தை அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தி அடையாளம் கண்டுகொண்டாள். என்ன எழுதியிருந்தது என்பதை இங்கேயும் சொல்லப்போவதில்லை. திங்கட்கிழமைக்குள் அவள் வகுப்பில் பலருக்குத் தெரிந்துவிட்டது.

படத்தை நீக்கினேன். எங்கள் சங்கத்து அக்கா ஒருவரோடு போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் கோபப்படவில்லை. "அண்ணா, நான் அதைக் கடவுள்கிட்டதானே கொடுத்தேன்," என்று மட்டும் சொன்னாள். அதன்பிறகு அவள் எங்கள் சங்கத்துக்கு வரவில்லை. வேறொரு சபைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன்.

அடுத்த ஆண்டு மறுபடியும் எங்களிடமே பொறுப்பு வந்தபோது, நான் வேண்டாம் என்றேன். போதகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ செய்யாட்டி, இன்னும் அந்தத் தப்பைச் செஞ்சு பாக்காத ஒருத்தன்தான் செய்வான்," என்றார். செய்தேன்.

இம்முறை நாங்கள் யோசனைகளைத் தேடவில்லை. ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டோம்: எழுதத் தெரியாதவர், ஆங்கிலம் தெரியாதவர், களைத்துப்போய் வந்தவர் இங்கே நின்றால் ஜெபிக்க முடியுமா? முடியாது என்றால் அந்த மேசை வேண்டாம். எட்டு, ஐந்தானது. செலவு 80 வெள்ளிக்குள் அடங்கியது.

உதாரணத்துக்கு அந்த அடுப்புக்கரி மேசை. யோவான் எழுதிய நற்செய்தியில் கரிநெருப்பு இரண்டு இடங்களில் வருகிறது. இயேசு கைதான இரவில், குளிருக்காக மூட்டிய கரிநெருப்பின் அருகே நின்றுகொண்டுதான் பேதுரு அவரைத் தெரியாது என்று மறுதலிக்கிறார். பிறகு, உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்து, அதே பேதுருவைக் காலை உணவுக்குக் கூப்பிடுகிறார். மூலமொழியான கிரேக்கத்தில் அந்தச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த இரண்டு இடங்களில்தான் இருக்கிறது. ஒரே நெருப்பு வாசனை, ஒருமுறை துரோகத்தின் நினைவாக, மறுமுறை மன்னிப்பாக. இதை விளக்கிப் பத்து நிமிடம் பேசலாம். நாங்கள் பேசவில்லை. வாட்டும் சாத்தேக்கு வாங்குவோமே, அந்தக் கரி ஒரு மூட்டை. தட்டில் கொட்டி வைத்தோம். ஒரு துண்டை எடுத்துக் கையில் பிடிக்கலாம். உள்ளங்கை கறுக்கும். பக்கத்து மேசையில் தண்ணீர், துண்டு, பிய்த்துவைத்த ரொட்டி. அட்டையில் தமிழில் இரண்டே வரி, கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி.

செயலே ஜெபமாக இருக்க வேண்டும் என்பதை நான் புரிந்துகொண்டது இப்படித்தான். கறுத்த கையைக் கழுவுவதற்கு விளக்கம் தேவையில்லை. கண்ணாடியும் நிழலுமாக நாங்கள் முன்பு செய்தவற்றில், 'இதற்கு என்ன அர்த்தம்?' என்று யோசிப்பதிலேயே ஆட்களின் நேரம் போய்விட்டது. பிரான்சின் தெய்சே மடத்தில் வெள்ளிக்கிழமை மாலை ஜெபம் முடிந்ததும் சிலுவையைத் தரையில் படுக்கை வாக்கில் வைப்பார்கள். வந்திருக்கும் இளையர் ஒவ்வொருவராகப் போய் அதன்மேல் நெற்றியை வைத்து ஜெபிப்பார்கள். அவ்வளவுதான். எந்த நாட்டுக்காரருக்கும் அதில் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை.

எழுதும் மேசையையும் ஒன்று வைத்தோம், ஏனென்றால் சிலருக்கு எழுதினால்தான் மனம் இறங்கும். ஆனால் அது சிலுவையில் குத்தும் தாள் அல்ல, தண்ணீரில் கரையும் தாள். எழுதி, ஆழமான கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு ஒருமுறை கலக்கினால், சில நொடிகளில் மேகம்போல் கலைந்துவிடும். முதலில் வாங்கிய தாளில் பேனா மை மட்டும் நீலமாக மிதந்து பாத்திரத்தையே சாயமாக்கியது. பென்சிலுக்கு மாறினோம். இப்படிப்பட்டவற்றையெல்லாம் முந்தைய நாளே சோதித்துப் பார்த்துவிடுங்கள். மேசைகளுக்கு இடையே சக்கர நாற்காலி போகிற அகலம் இருக்கிறதா என்பதையும். எங்களுக்கு அது கடைசி நேரத்தில்தான் தெரிந்தது.

வாசலில் ஒரு கூடை, கைப்பேசிகளுக்கு. முதலில் என்னுடையதைப் போடுவேன். அறிவிப்பு எதுவும் செய்வதில்லை. பார்க்கிறவர்கள் பெரும்பாலும் போட்டுவிடுகிறார்கள். கூடத்தின் ஒரு மூலையில் அக்கா ஒருவர் உட்கார்ந்திருப்பார். யாராவது அழுதால் ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பதற்கு அல்ல, பேச வேண்டும் என்று நினைப்பவர் தாமாக வருவதற்கு. எங்கள் ஆர்வக்கோளாறில் முதல் ஆண்டு அழுதவர்களையெல்லாம் சூழ்ந்துகொண்டோம். அழுவதற்குக்கூட அன்று தனிமை கிடைக்கவில்லை.

பாட்டி இரண்டாவது முறையும் வந்தார். எழுதும் மேசையைத் தாண்டி நேராகக் கரித்தட்டுக்குப் போனார். ஒரு பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மற்றவர்கள் வந்தார்கள், கறுத்தார்கள், கழுவினார்கள், ரொட்டி தின்றார்கள், போனார்கள். பத்து மணிக்குக் கூடத்தை மூட வேண்டும். நான் அருகில் போய், "கழுவலையா பாட்டி?" என்றேன்.

"இன்னும் முடியலப்பா," என்றார்.

அந்தப் பக்கத்து விளக்கை அப்படியே விட்டுவிட்டு, மறுமுனையிலிருந்து சத்தமில்லாமல் மேசைகளை மடக்கத் தொடங்கினோம்.